மரபணு மாற்றிய உணவு: ஊரார் சொல்லும் "வேண்டாம்" பயமா, பாவமா என்று கேட்டறியும் முறை

புழுவைக் கொல்லும் மண் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய பி.டி. கத்திரிக்காயைப் பற்றிக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் எல்லோருடைய "வேண்டாம்" என்பதும் ஒன்றல்ல. ஒருவருக்கு உடம்புக்கு ஆகுமோ ஆகாதோ என்ற பயம். ஒருவருக்கு விதை கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும் என்ற கோபம். இன்னொருவருக்கு அது செய்யக்கூடாத காரியம், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக் கூட்டிவிட்டால் கடைசியில் கையில் இருப்பது வெறும் எண். கல்லூரி மாணவர், மகளிர் குழு, பஞ்சாயத்தார் என்று யார் கேட்கப் போனாலும் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்பதற்கான வழி இது.

கிளம்பும் முன்

சட்ட நிலவரம் தெரியாமல் போகாதீர்கள். கேட்கப் போனவரையே ஊர் திருப்பிக் கேட்கும். இந்தியாவில் விவசாயி வணிகத்துக்குப் பயிரிட அனுமதி உள்ள மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டுமே, 2002 மார்ச் முதல். பி.டி. கத்திரிக்காய்க்கு 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. பெங்களூரும் ஐதராபாத்தும்தான் நமக்குக் கிட்டத்தில் நடந்தவை. இத்தனைக்கும் அதே மரபணுவை நம் ஊர்க் கத்திரி ரகங்களில் ஏற்றும் வேலையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் செய்துகொண்டிருந்தது. வங்கதேசம் 2013-ல் அனுமதித்து, 2014 முதல் பயிரிடுகிறது. மரபணு மாற்றிய டி.எம்.எச்.-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் ஒப்புதல் வந்தது. அந்த ஒப்புதலை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள்.

சந்தையில் கூடையில் கிடக்கும் கத்திரிக்காய் பி.டி. அல்ல என்பதை உறுதியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இழுத்தால் "அப்ப இதுவும் அதுதானா தம்பி?" என்று ஆச்சி கேட்பார்கள். அன்றைய பேட்டி அதோடு முடிந்தது.

எந்தச் சொல்லால் கேட்பது

"மரபணு மாற்றம்" என்ற சொல்லே பாதிப் பதிலைத் தீர்மானித்துவிடும். ஆஸ்பத்திரியில் "மரபணுக் கோளாறு" என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது நோய். "செயற்கை விதை" என்றாலும் சரிப்படாது, "விஞ்ஞான முன்னேற்றம்" என்றாலும் சரிப்படாது. இரண்டும் கேட்பவர் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். "விதைக்குள்ள இருக்குற குணம்" என்று சொன்னால் வயலில் வேலை பார்க்கும் எவருக்கும் புரியும். பாக்டீரியாவைக் "கிருமி" என்று சொல்லவே சொல்லாதீர்கள். கிருமி என்றால் காய்ச்சல். "மண்ணுல இருக்குற கண்ணுக்குத் தெரியாத உயிர்" என்பது நீளம்தான், ஆனால் அது எந்தப் பக்கமும் சாயாது. தோசை மாவு புளிப்பதை உவமை காட்டலாமே என்று தோன்றும். வேண்டாம், அது சாதகமாகச் சாய்க்கும்.

விளக்கத்தை எழுதி வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசியுங்கள். இப்படி இருக்கலாம்:

"கத்திரிக்காயைப் புழு துளைக்குதுல்ல, அதுக்கு மருந்து அடிக்கிறோம். மண்ணுல கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருக்கு, அது அந்தப் புழுவைக் கொல்லும். அதுல இருந்து ஒரே ஒரு குணத்தை எடுத்துக் கத்திரிச் செடிக்குள்ள வச்சிருக்காங்க. அந்தச் செடியைத் தின்னா புழு செத்துப்போகும். மனுசன் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு செஞ்சவங்க சொல்றாங்க. சோதனை போதாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நம்ம நாட்டுல இதை விளைவிக்க இப்ப அனுமதி இல்ல."

வாசிக்க முக்கால் நிமிடம். கேள்வி கேட்டால் அதே வரிகளைத் திரும்ப வாசியுங்கள். சொந்த விளக்கம் சேர்த்தால் ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பதில் சொன்னதாகிவிடும்.

யாரிடம், எங்கே, எப்போது

ஓர் ஊருக்கு 40 பேர் போதும். பயிர் செய்பவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், பலசரக்குக் கடையும் சமையல் தொழிலும் செய்பவர், முப்பது வயதுக்குட்பட்டவர், அறுபது தாண்டியவர் என்று பிரிவுக்கு எட்டுப் பேர். 40 பேரை வைத்து விழுக்காடு போடக்கூடாது. குலுக்கல் முறையில் எடுத்திருந்தாலும் முன்பின் 15 புள்ளி தவறலாம். அதை 5 புள்ளிக்குள் கொண்டுவர 400 பேர் வேண்டும். 40 பேரிடமிருந்து கிடைப்பது காரணங்களின் வகை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

கதவு எண்ணை வைத்து வீடு எடுக்கும் வழக்கமான முறை செட்டிநாட்டில் சரிவராது. பெரிய வீடுகளில் பல, வருசத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கும் திறந்திருக்கும் நாளில் உள்ளே இருப்பவர்கள் சென்னையிலிருந்து வந்தவர்கள், அவர்கள் உள்ளூர்க் கடையில் சாமான் வாங்குவதில்லை. ரேஷன் கடை வரிசையிலும் மகளிர் குழுப் பட்டியலிலும் ஆள் எடுப்பது நல்லது. அது முழுச் சரியான முறை அல்லதான், ஆனாலும் பூட்டிய கதவைத் தட்டுவதற்கு மேல்.

இடம் மிக முக்கியம். வீட்டு முகப்பில் உட்கார்ந்து கேட்டால் பெண்களுக்கும் சேர்த்து ஆண்களே பதில் சொல்லிவிடுவார்கள். வளவில் (உள்முற்றத்தில்), முடிந்தால் அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டில், பெண் பேட்டியாளரை வைத்துத் தனியாகக் கேளுங்கள். டீக்கடையில் வேண்டாம், முதலில் பேசும் பெரியவர் சொன்னதையே மற்ற ஏழு பேரும் சொல்வார்கள். உரக்கடை வாசலும் கூடாது, வேளாண் அலுவலரோடு சேர்ந்து போவதும் கூடாது.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் கார்த்திகை, மார்கழியிலும், தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் உணவைப் பற்றிய பேச்சே கண்டிப்பாகிவிடும். அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. தாளில் தேதியோடு "விரதம்" என்று ஒரு வரி எழுதிவையுங்கள், போதும்.

அட்டைகளோடு தொடங்குங்கள்

உள்ளங்கை அளவில் எட்டுப் படங்கள்: ஒட்டு மாங்கன்று, கொட்டையில்லாத் திராட்சை, பிராய்லர் கோழி, ஹைபிரிட் தக்காளி, ஸ்வீட் கார்ன், கவுனி அரிசி, பருத்திக்கொட்டை, பாக்கெட் சோயா எண்ணெய். "இதுல எதெல்லாம் குணத்தை மாத்திச் செஞ்சதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சரி தப்பு சொல்லாதீர்கள்.

பிராய்லர் கோழி மாற்றியதில் சேர்ந்தால் வியப்பில்லை. "ஊசி போட்ட கோழி" என்று பேர் வாங்கியது அது. உண்மையில் அது தேர்ந்தெடுத்து இனம்பெருக்கிய பறவை. ஸ்வீட் கார்ன் "அமெரிக்கன் கார்ன்" என்ற பேருக்காகவே அங்கே போகும். கவுனி அரிசி எப்போதும் "நம்ம" குவியலில். அது பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று சொல்பவரே அப்படி வைப்பார். பருத்திக்கொட்டையையும் யோசிக்காமல் "நம்ம" பக்கம் தள்ளுவார்கள்.

இந்த எட்டில் மரபணு மாற்றத்தோடு நேராகத் தொடர்புள்ளவை அந்தப் பருத்திக்கொட்டையும் சோயா எண்ணெயும்தான். நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணி போன்ற நாட்டு ரகம் என்று தெரிந்து வாங்கினால் தவிர, மாட்டுக்கு ஊறப்போடும் கொட்டையும் மதுரைப் பக்கத்துத் தள்ளுவண்டிப் பருத்திப்பாலும் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவையே. சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து இறக்குமதியாகிறது, அங்கே விளையும் சோயா ஏறத்தாழ முழுவதும் மரபணு மாற்றியது.

அட்டைகளை எதற்கு முதலில் வைப்பது? அவர் எதை எதிர்க்கிறார் என்பது தெரியத்தான். ஹைபிரிட் தக்காளியை மனதில் வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்பவரின் பதிலைப் பி.டி. கத்திரிக்காய்க் கணக்கில் எழுதினால், பின்னால் எந்தப் புள்ளியியலும் அதைத் திருத்தாது.

முதன்மைக் கேள்விகள்

விளக்கத்தை வாசித்த பிறகு கேளுங்கள்: "இதைச் செய்யுறது சரியா, தப்பா, இல்ல ரெண்டும் தோணலையா?" மூன்றாவது வழியைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மரியாதைக்காக ஒன்றைச் சொல்லிவைப்பார்கள். "தப்பு" என்றவரிடம் மட்டும் அடுத்தது:

"கெடுதல் ஒண்ணுமே இல்லன்னு முழுசா நிரூபிச்சிட்டாங்க, விவசாயிக்கு நல்ல லாபமும் இருக்குன்னு வச்சுக்குவோம். அப்பவும் கூடாதா?"

பயத்தால் மறுப்பவர் இங்கே இளகுவார்: "அப்படின்னா பாக்கலாம்." அறத்தால் மறுப்பவர் அசையமாட்டார்: "என்னவா இருந்தாலும் கூடாது." இதே கருத்துள்ள கேள்வியை வைத்து அமெரிக்காவில் ஸ்காட், இன்பார், ரோசின் ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், எதிர்த்தவர்கள் 64 விழுக்காடு. அந்த எதிர்ப்பாளர்களில் 71 விழுக்காட்டினர் எவ்வளவு நன்மை இருந்தாலும் கூடாது என்ற வகை. அங்கே வந்த எண் இங்கே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேள்வி வேலை செய்கிறது என்பதற்கு மட்டும் அது சான்று.

ஒரு சிக்கல் உண்டு. "நிரூபிச்சிட்டாங்க" என்பதையே சிலர் நம்பமாட்டார்கள்: "யாரு நிரூபிச்சா? காசு வாங்கிட்டுச் சொல்லுவான்." இதை அற மறுப்பாக எழுதிவிடுவது புதியவர் எல்லோரும் செய்யும் தவறு. அது அவநம்பிக்கை, தனி வகை. அதைச் சோதிக்க இன்னொரு கேள்வி: "கம்பெனி இல்ல, கவர்மெண்ட் பல்கலைக்கழகமே செஞ்சு, விதையைச் சும்மா கொடுத்து, நீங்களே எடுத்து வச்சு மறுபடி விதைக்கலாம்னா?" இங்கே இளகினால் அவருடைய சிக்கல் விதை யாருடையது என்பதில். பத்தாயத்தில் விதைநெல் எடுத்து வைத்த தலைமுறையிடம் இந்த வகை நிறைய வரும். அவர்கள் சட்டம் கேட்டால் சொல்லலாம்: 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனி முத்திரை போட்டு விற்கத்தான் கூடாது. வீரிய விதையை மறுபடி போட்டால் விளைச்சல் குறைவது கலப்பினத்தின் இயல்பு, மரபணு மாற்றத்தால் வருவதல்ல.

பிறகு எண்ணெய்க் கேள்வி. சின்னதுதான், நன்றாகப் பிரிக்கும். "அந்த மாதிரிக் கொட்டையில எடுத்த எண்ணெய். சுத்திகரிச்ச பிறகு மாத்துன குணம் அதுல அநேகமா இல்லவே இல்ல. தாளிக்கலாமா?" சுத்திகரித்த எண்ணெயில் மரபணுப் பொருளும் புரதமும் கிட்டத்தட்ட மிஞ்சுவதில்லை, ஆய்வகத்திலேயே கண்டுபிடிப்பது சிரமம். பயம் உள்ளவருக்கு இது சமாதானம். "அதுல இருந்து வந்ததுதானே" என்பவருக்குப் பொருள் முக்கியமல்ல, பிறப்புதான் முக்கியம்.

ஐந்து படி

இந்த வட்டாரத்தில் மிக நன்றாக வேலை செய்யக்கூடியது இதுதான், இதற்கு நேரம் கொடுங்கள். ஐந்து நிலைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அந்தப் பருத்தியில் நெய்த வேட்டியைக் கட்டலாமா? அந்தக் கொட்டையை மாட்டுக்குக் கொடுக்கலாமா? அந்தக் கத்திரிக்காயில் கோசமல்லி வைத்து வீட்டில் சாப்பிடலாமா? கல்யாணப் பந்தியில் பரிமாறலாமா? படைப்பில் முன்னோருக்கு வைக்கலாமா? நகரத்தார் அல்லாத வீட்டில் கடைசிக் கேள்வியைக் குலசாமிப் படையல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பாருங்கள். வீட்டில் சாப்பிட மறுத்து, படையலுக்கு "அது சாமிக்குத்தானே, பரவாயில்ல" என்பவர் உடம்பைப் பற்றி யோசிக்கிறார். வீட்டில் சாப்பிடுவேன், படைக்கமாட்டேன் என்பவருக்கு அது தூய்மை பற்றிய விஷயம், எத்தனை பரிசோதனை அறிக்கை காட்டினாலும் மாறாது. பந்தியில் மட்டும் நிற்பவர் சொல்வது இன்னொரு அறம்: "நான் சாப்பிடுறது என் இஷ்டம், வந்தவுகளுக்குச் சொல்லாம எப்படிப் போடுறது?" இது மறைத்தல் பற்றியது. இவர்களுக்கு வேண்டியது தடை அல்ல, அறிவிப்பு. பொட்டலத்தில் மரபணு மாற்றிய உணவு இருந்தால் முகப்பில் "ஜி.எம்." என்று அச்சிட வேண்டும் என்ற எடையளவு விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கூடையில் அள்ளி விற்கும் காய்க்கு எதில் அச்சிடுவது? கத்திரிக்காய் விவாதத்தின் உண்மையான முடிச்சு அதுதான்.

எங்கிருந்து எடுத்த குணம்

சைவ வீடுகளிலும் விரதம் இருப்பவரிடமும் கேட்க வேண்டியது. ஒரே தக்காளி. குணம் வேறொரு தக்காளியிலிருந்து வந்தால்? மண்ணில் உள்ள உயிரிலிருந்து? மீனிலிருந்து? வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கேளுங்கள், எப்போதும் மீனைக் கடைசியில் வைத்தால் அது பயமுறுத்தும் உச்சமாகிவிடும். மீன் மரபணுத் தக்காளி ஆய்வுக்கூடத்தில் முயன்று பார்த்தது, எந்தச் சந்தைக்கும் வந்ததில்லை. இதைப் பேட்டி முடிந்ததும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் ஊரெல்லாம் தக்காளியில் மீன் என்ற பேச்சு ஓடும்.

வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், உள்ளதை மட்டும் திருத்திய நெல்லும் வந்துவிட்டது. 2025 மே மாதம் அறிவித்த கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற இரண்டும் அந்த வகை. "அடுத்த உயிரைக் கலக்கலையே" என்று அறத்தால் மறுத்தவரே இங்கே தளர்ந்தால், அவர் எதிர்த்தது கலப்பை. தளராவிட்டால், மனிதன் கை வைப்பதையே எதிர்க்கிறார்.

எழுதுவதும் பிரிப்பதும்

காரணம் கேட்டால் பலர் "சும்மா, அது சரியில்ல" என்று நிறுத்திக்கொள்வார்கள். மூன்று நொடி பொறுங்கள். ஒரே ஒரு முறை "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க ஆச்சி" என்று கேளுங்கள். அதற்குமேல் நோண்டினால் உங்களைத் திருப்திப்படுத்த ஒரு காரணத்தைப் புனைந்து தருவார்கள், அது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்கும். "ஆண்டவன் படைச்சதுல கை வைக்கிறதுன்னு சொல்றீங்களா?" என்று நீங்களே எடுத்துக்கொடுக்கவும் கூடாது. காரணமில்லாத மறுப்பை அறியாமை என்று குறிக்காதீர்கள், செத்த வீட்டில் பாயசம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். சொன்னதைச் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். "தீட்டு", "ஒவ்வாது", "ஆகாது" மூன்றும் மூன்று பொருள். எழுத்துத் தமிழில் "ஏற்புடையதல்ல" என்று மாற்றினால் மூன்றும் அழிந்துபோகும்.

அறிவுக் கேள்விகளைக் கடைசியில் வையுங்கள்: "சாதாக் கத்திரிக்காய்ல மரபணு இருக்கா?" போன்றவை. முதலில் வைத்தால் பரீட்சை எழுதுகிற நினைப்பு வந்து, மீதிக்கு எல்லாம் "நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க" என்றாகிவிடும்.

மாலையில் இரண்டு பேர் தனித்தனியாக ஒவ்வொரு தாளையும் பயம், அவநம்பிக்கை, தூய்மை, மறைத்தல், கை வைக்கக்கூடாமை என்று குறியுங்கள். ஒருவருக்கு இரண்டு குறி வரலாம், வரட்டும். பத்துத் தாளில் எட்டுக்குக் குறைவாக இருவரும் ஒத்துப்போனால் குற்றம் ஊராரிடம் இல்லை. உங்கள் வகைகளின் விளக்கத்தைத் திருத்தி மறுபடி குறியுங்கள்.

இன்சுலின் அட்டை

மருந்துக்கு ஒப்புக்கொள்வாரா என்று பார்க்க இன்சுலினைக் கேட்கலாம். 1982-லிருந்து மனித இன்சுலின் மரபணு மாற்றிய நுண்ணுயிரில்தான் செய்யப்படுகிறது. உணவை மறுப்பவரும் மருந்தை ஏற்பது பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் வந்த முடிவு. ஆனால் சர்க்கரை உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். "அதுவும் அப்படிச் செஞ்சதுதான்" என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டு மறுநாள் ஊசியை நிறுத்திவிட்டால், உங்கள் கணக்கெடுப்பு அதற்கு ஈடாகாது. பேட்டி தொடங்கும் முன்பே "வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கிறாங்களா?" என்று கேட்டுத் தாளின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். பருத்திப்பால் வண்டிக்காரர் காதில் விழும் தூரத்தில் பருத்திக்கொட்டை அட்டையைப் பற்றி விளக்கம் சொல்வதற்கும் இதே விதிதான்.